நடுங்கிய கோடு

"கை நடுங்குதுன்னு ஒத்துக்கிட்டா என்னக்கா, குறைஞ்சா போயிடுவீங்க?"

கேட்டவன் அந்தத் தொழிற்கூடத்தின் புதிய டிசைனர். கேட்கப்பட்டவள் பதினேழு ஆண்டுகளாக மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, அரிசிமணியினும் சிறிய பாகங்களைப் போர்டில் ஒட்டி வருபவள். பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவள் சால்டரிங் அக்கா.

அவள் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அவன் முதன்முதலாக வடிவமைத்த மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபயர் அது. இரண்டு முதல் ஆறு கிகாஹெர்ட்ஸ் வரை எந்தச் சிக்னல் வந்தாலும் ஒரே அளவாகப் பெருக்கித் தரவேண்டும். போர்டு செய்யுமுன் கணினியில் ஓட்டிப் பார்த்த சிமுலேஷனில், அந்தப் பெருக்கத்தைக் காட்டும் கோடு மேசை விளிம்பைப் போல நேராக ஓடியது. அவள் ஒட்டிய போர்டை அளந்தாலோ, நான்கைத் தாண்டியதும் படிக்கட்டில் கால் தவறியவனைப் போலச் சரிந்தது. பிரித்து ஒட்டினாள், சரிந்தது. புதுப் போர்டில் ஒட்டினாள், அதுவும் சரிந்தது.

திரை பொய் சொல்லுமா? சொல்லாது என்றே கூடம் முழுவதும் நம்பியது. குற்றவாளிக் கூண்டு என்று ஒன்று இருந்தால், அதில் ஏறவேண்டியது சூடுபட்ட விரல்தானே? ஊர் சொல்லச் சொல்ல அவளும் நம்பிவிட்டாள். சாப்பாட்டு வேளையில் யார் முகத்தையும் பார்க்காமல் உண்டாள். 'என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்' என்று தன் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் கடிதம் இப்போது தலைமைப் பொறியாளரின் மேசைமீது கிடந்தது. அம்மையார் இருவரையும் அழைத்து, மடிக்கணினியைத் திறந்தார். திரையில் அதேபோலச் சரிந்த கோடு.

"காலையில வந்தது இது. பார்த்துச் சொல்லு, தம்பி."

டிசைனர் பேனா முனையால் தொட்டுக் காட்டினான். "நாலரைகிட்ட ஒரு மேடு தெரியுதா மேடம்? அங்க சால்டர் கூடிப்போச்சு. ஆறுகிட்ட தொபுக்கடீர்னு விழுதே, அது கெப்பாசிட்டர் கோணலா உட்கார்ந்ததால. இப்படியே விட்டா நம்ம மானம் கப்பலேறிடும்."

"அக்கா கைதான்னு உறுதியாச் சொல்றியா?"

"கையெழுத்து மாதிரி தெரியுது, மேடம்."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. வீட்டுல என் மகளே ஊசியை என் கையில இருந்து பிடுங்கிடுறா. தம்பி சொல்றது சரிதான். அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுடுங்க, நான் போயிடுறேன்."

தலைமைப் பொறியாளர் பேனாவை எடுக்கவில்லை. மடிக்கணினியை மட்டும் டிசைனர் பக்கம் நன்றாகத் தள்ளி வைத்தார்.

"இது எந்தப் போர்டையும் அளந்த கோடு இல்ல தம்பி, உன் சிமுலேஷன்தான். எல்லாப் பாகமும் குறையே இல்லாததுன்னு வச்சு ஓட்டிப் பார்த்துட்டு நீ அதோட நிறுத்திட்ட. அந்தப் பாகங்களோட நிஜ அளவையும், நீ போர்டுல வரைஞ்ச ஓட்டைகளையும் சேர்த்து நான் காலையில ஓட்டினேன். இப்பச் சொல்லு, இதுல அக்கா கை எந்த இடத்துல நடுங்கியிருக்கு?"