தொட வேண்டாம், வருகிறேன்

"உன்னை யாரு லெட்டர் போடச் சொன்னது? வாங்கினோமா, துடைச்சோமா, சுவத்துல மாட்டினோமான்னு இல்லாம—"

"மாட்டறதுக்கு முன்னாடி துப்பாக்கிக் கட்டையோட அடித்தகட்டைக் கழட்டிப் பார்க்கறது வழக்கம், மார்லிஸ்! எல்லாரும்தான் பார்க்கறாங்க—"

"பார்ப்பாங்க. பார்த்துட்டுப் பேசாம மூடிடுவாங்க. நீதான் அந்தச் சீட்டுல இருந்த பேருக்குக் கடல் தாண்டி—"

"ஒரு மரியாதைக்கு எழுதினேன்!"

"அந்த மரியாதை இப்போ டாக்ஸி பிடிச்சு வந்துக்கிட்டு இருக்கு."

மார்லிஸின் கணவர் வெர்லின் வாசலை எட்டிப் பார்த்தார்.

அவர்கள் வீட்டு நிலவறைச் சுவரில் பதினொரு பழைய ராணுவத் துப்பாக்கிகள் தொங்கின. எந்தெந்த நாட்டு ராணுவமோ வேண்டாமென்று கழித்துவிட்டவை. ஒவ்வொன்றும் பிசின்போல ஒட்டும் கிரீஸோடுதான் வந்து சேரும். ஒருமுறை அந்தக் கிரீஸ் உருகட்டுமென்று வெர்லின் ஒரு துப்பாக்கியின் மரக்கட்டையை மார்லிஸின் அடுப்புக்குள் வைத்துவிட்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வான்கோழியில் லாரிப் பட்டறை வாசனை அடித்தது. அதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள்.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் இந்த சுவிஸ் துப்பாக்கி. அந்த நாட்டுச் சிப்பாய்கள் கட்டையின் அடித்தகட்டுக்குக் கீழே தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை மடித்து வைப்பார்கள். இதிலும் இருந்தது. யோஸ்ட் இம்ஹாஃப், ஊர்ப் பெயர், வீட்டு எண். வெர்லின் அன்றைக்கே கடிதம் எழுதிவிட்டார்.

"அவர் பதிலை இன்னொரு தடவை படி."

வெர்லின் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "'பன்னிரண்டாம் தேதி வருகிறேன். அதுவரை துப்பாக்கியைத் தொட வேண்டாம். இம்ஹாஃப்.' அவ்வளவுதான்."

"சௌக்கியமான்னுகூடக் கேட்கலை. திருப்பி வாங்கத்தான் வரார். நீ என்னதான் எழுதித் தொலைச்சே?"

"துப்பாக்கி ரொம்ப அழகா இருக்கு, உங்க சீட்டு கிடைச்சுது, குழல்ல கொஞ்சம் கரி இருக்கு, நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதீங்கன்னு எழுதினேன். இதுல என்ன தப்பு?"

"கேட்டா குடுத்துடுவியா?"

"காசு குடுத்து வாங்கினது."

"நான் அதைக் கேட்கலை."

வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் வந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கியைத் துடைக்காமல் வைத்திருந்ததில் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. தினமும் கீழே போவார். அந்த வால்நட் மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டியபடி நிற்பார். திரும்பி வருவார்.

"அவர் பேரை உள்ளே வச்சுக்கிட்டு, அவர்கிட்டயே எப்படி இல்லைன்னு சொல்றது, மார்லிஸ்?" என்றார்.

வாசலில் டாக்ஸி நின்றது. எழுபது வயது இருக்கும். ஒல்லியாக, உயரமாக, கழுத்துவரை கோட்டுப் பொத்தான் போட்ட மனிதர் இறங்கினார். கையில் கித்தான் துணியில் ஒரு நீளமான உறை.

"உறையோடவே வந்துட்டார் பாரு," என்று கிசுகிசுத்தாள் மார்லிஸ்.

இம்ஹாஃப் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். காபி வேண்டாமென்றார், பூசணிக்காய்ப் பலகாரமும் வேண்டாமென்றார்.

"முதல்ல துப்பாக்கி."

வெர்லின் மேலே கொண்டுவந்து கொடுத்தார். கிழவரின் விரல்கள் பார்க்காமலே பூட்டைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றின. ஜன்னலடிக்குப் போய், வெளிச்சத்துக்கு நேராகக் குழலைப் பிடித்து, பின்பக்கத்தில் ஒரு கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் காதுமடல் வரை சிவந்திருந்தது.

"யாரும் தொடலையே?"

"சத்தியமா இல்லைங்க. தூசிகூடத் தட்டலை."

கிழவர் தலையாட்டினார். துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். மரக்கட்டையை மெல்லத் தடவினார். வெர்லினால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஐயா, இது உங்களோடது. எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டார், ஆனா செத்துப்போயிடுவார்," என்றாள், இத்தனை நேரம் கரித்துக்கொட்டிய மார்லிஸ். "பன்னிரண்டு துப்பாக்கி இருக்குங்க. தூக்கத்துல இது ஒண்ணோடதான் பேசறார்."

இம்ஹாஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போகவா? நான் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? இது உங்க துப்பாக்கி."

வெர்லின் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மார்லிஸ் அவர் தோளை அழுத்தினாள். "அப்பாடா! இப்பவாவது ஒரு வாய் காபி குடிங்களேன், ஐயா."

"கை அழுக்காயிடும். அப்புறம்," என்றபடி கிழவர் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, அந்த நீள உறையைப் பிரித்தார். ஒரு பித்தளைக் கம்பி, இரண்டு பிரஷ், வெட்டி அடுக்கிய வெள்ளைத் துணித் துண்டுகள், ஒரு சின்ன கிரீஸ் டப்பா.

"நான் இதை ராணுவத்துக்குத் திருப்பி ஒப்படைச்ச அன்னைக்குக் காலையிலதான் என் பொண்ணு பிறந்தா. துடைக்க நேரமே இல்லை. எல்லார் குழலையும் கண்ணை வச்சுப் பார்க்கற அதிகாரி, எனக்கு மட்டும் கையைக் குலுக்கி வாழ்த்திட்டு, பார்க்காமலே முத்திரை குத்திட்டார்," என்றார். முதல் துணியை உள்ளே விட்டு இழுத்தார். கன்னங்கரேலென்று வந்தது. அதைச் சட்டென்று பைக்குள் திணித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்க... குழல்ல கரி இருக்குன்னு, என்னைத் தவிர எங்க ஊர்ல வேற யாருக்காவது எழுதினீங்களா?"