பின்சுவர் வயர்

"மோடத்துல ஒரு குத்தமும் இல்ல சார். லைன்லதான் கோளாறு" என்றான் ஜாபிர்.

மோடம் விற்ற ராஜபாளையம் கடையின் மெக்கானிக் அவன். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இதே விஷயமாக மூன்றாவது முறை வந்திருக்கிறான். இந்தத் தடவையும் சரியாகவில்லை என்றால் மோடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று முதலாளி கடுப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மோடம் வாங்கிய மடவார் வளாகத்துச் சௌந்தரபாண்டியன் ரிட்டயர்டு ஏட்டு. யார் சொன்னாலும் சட்டென்று நம்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"மூணு வாரமா இதையேதானப்பா சொல்லுத" என்றார்.

அவசரம் அவருக்கு அல்ல, மருமகள் முனீஸ்வரிக்கு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கிறாள். டெலிபோன் வயரை மோடத்தில் சொருகி, டயல் செய்து, சாயந்திரம் ஆறு மணிக்குள் ஃபைல்களை அனுப்பிவிட வேண்டும். இந்த மாதம் நான்கு தடவை பாதியில் கட்டாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை தாமதமானாலும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நேற்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஜாபிர் மோடத்து வயரை மாற்றிப் பார்த்தான். சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றித் துடைத்தான். கடைசியில் போன் ரிசீவரை எடுத்து ஏட்டையா காதில் வைத்தான். டயல் டோனுக்கு நடுவே, எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி சத்தம்.

வயரைப் பிடித்துக்கொண்டே இருவரும் போனார்கள். முன் தெரு போஸ்ட்டுக்குப் போக வேண்டிய வயர், பாத்ரூம் கூரையோரமாகக் கொல்லைக்குப் போய், பின்சுவரைத் தாண்டி இருளம்மாள் வீட்டு மாடிக்கு ஏறியிருந்தது.

ஏட்டையா முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சர்வீஸில் இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு கேஸ் அவருக்குத் தானாக வந்து மாட்டியதில்லை.

இருளம்மாள் வீடு பின் தெருவைப் பார்த்தது. அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீட்டுக்கும் கோர்ட்டில் கேஸ். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"பாத்தியா, நம்ம லைன்ல கொக்கி போட்டிருக்கா. பட்டாளத்து மகன்கிட்ட பேச என் போன்தான் கெடச்சுதாக்கும்."

லைன்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று ஜாபிர் இழுத்தான். அவன் முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த கட்டிங் பிளேயரைப் பிடுங்கி, ஏட்டையா வயரை ஒரே வெட்டாக வெட்டினார். முனீஸ்வரியும் தடுக்கவில்லை. நான்கு தடவை கம்பெனியில் திட்டு வாங்கியவள் அவள். நன்றாக வேண்டும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

உள்ளே வந்து டயல் செய்தாள். டோன் இல்லை. போனை எடுத்துப் பார்த்தாள். கரகரப்புகூட இல்லை, செத்துக் கிடந்தது.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். முனீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

ஜாபிர் அவளுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போய், லைன்மேன் பால்ச்சாமியைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். அதற்குள் ஏட்டையா முழு வெள்ளைத்தாளில் திருட்டுப் புகார் எழுதி, கையெழுத்தும் போட்டு முடித்திருந்தார்.

பால்ச்சாமி புகாரை வாங்கிப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட இரண்டு முனைகளையும் சீவி முறுக்கி டேப் சுற்றினார். பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜாயின்ட்டையும் புதிதாகப் போட்டார். இத்தனை நாள் கரகரத்தது அதுதான்.

"திருட்டு லைனை நீரே ஒட்டுதீரா?" என்றார் ஏட்டையா.

"வெட்டின பொறவு உங்க போனுதானே சார் செத்துச்சு? அவிய போன் செத்து ரெண்டு மாசம் ஆச்சு."

ஏட்டையாவுக்கு விளங்கவில்லை. பால்ச்சாமி நிதானமாகச் சொன்னார். ஐப்பசி மழையில் முன் தெரு கேபிள் ஊறிப்போய், அந்த போஸ்ட்டில் ஒரு லைன்கூட உயிரோடு இல்லை. புதுக் கேபிள் வர மாதக்கணக்காகும். பின் தெரு வழியாக இருளம்மாளுக்கு வருகிற லைன் மட்டும் நன்றாக இருந்தது. பேச்சுவாக்கில் இதைக் கேட்ட அந்தம்மா, தன் லைனை ஏட்டையா வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஏட்டையா நம்பரை அந்த லைனில் மாற்றி, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சுவர் தாண்டி வயர் இழுத்தது பால்ச்சாமிதான்.

மழையில் போன் செத்தபோது தான் எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிய மூன்று மனுக்களுக்குப் பயந்துதான் லைன் திரும்ப வந்தது என்று ஏட்டையா இதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இருளம்மாளோ ஞாயிற்றுக்கிழமை தோறும் மகனோடு பேச எஸ்.டி.டி. பூத்தில் போய்க் காத்திருக்கிறாராம்.

உள்ளே மோடம் கீச்சிட்டு, லைன் கிடைத்தது. முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலை அனுப்பினாள். மணி ஐந்தே முக்கால்.

ஏட்டையா கையில் புகார்த்தாள் அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லய்யா?"

"சொல்லத்தான் நெனச்சேன் சார். அவியதான் வேண்டாம்னாவ. 'எங்க வீட்டு லைன்னு தெரிஞ்சா அந்த மனுசன் வயரை அறுத்துப் போட்டுருவாரு. பொறவு பாவம், அந்தப் புள்ள வேல போயிரும்'னு சொன்னாவ."