விரித்த கைகள்

மலாயாவில், செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் கணக்குப் பரீட்சை நடக்கிறது. வெயில் ஏற ஏறத் தகரக் கூரை நெட்டி முறிக்கிறது. ஜன்னல் வழியே ரப்பர் பால் வாடை வந்து பேனா மையின் வாடையோடு கலக்கிறது. முன் பெஞ்சுப் பச்சையம்மா அடிக்கடி குனிந்து தன் பாவாடைச் செருகலைப் பார்ப்பது தங்கராசு வாத்தியாரின் கண்ணில் பட்டுவிடுகிறது. காப்பியடிக்கிறாளே என்று அவருக்குச் சுர்ரென்று ஏறுகிறது. "ஏய், எந்திரி! இடுப்புல என்ன?" அவள் எழுகிறாள். யாரும் சொல்லாமலே இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, பால்வெட்டப் போகிறவர்களைத் தினமும் விடியலில் முள்வேலிக் கதவில் போலீஸ் தடவிப் பார்க்கும்போது, அம்மாவோடு அவள் நிற்பது இப்படித்தான். "சோறு ஒண்ணும் இல்லைங்க சார்," என்கிறாள். சுற்றியதில் வாய்ப்பாடு எழுதிய துண்டுக் காகிதம் நழுவி அவர் காலடியில் விழுகிறது. வாத்தியார் அதை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். பிறகு அவள் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறார். "உக்காரு தாயி. தெரிஞ்சத நீயா எழுது, அது போதும்." நிமிர்ந்து பார்க்கிறார். பின்னால் மொத்த வகுப்பும் கைகளை விரித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறது.