மான் விட்டுவைத்த பாதி

ஒகுராவின் விவாகரத்தை ஒரு மான் தின்றுகொண்டிருந்தது.

நான் ஓடினேன். ஐம்பது வயது, முழங்கால் வலி, வயிறு நிறைய விலாங்கு மீன் சோறு. ஆனாலும் ஓடினேன்.

அரை மணி நேரத்துக்கு முன்புவரை அது வெறும் விடுமுறை நாள். நவம்பர் மாதம், மான்கள் தெருவில் திரியும் மியாஜிமா தீவு, பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வரும் மூன்று பேர். கடல் உள்வாங்கி, கோயிலின் பெரிய சிவப்புத் தோரண வாயில் சேற்றில் நின்றுகொண்டிருந்தது. கரைச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும், ஒகுரா பின்பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான்.

விவாகரத்துப் படிவம். இடது பாதியில் அவன் கையெழுத்தும் அவன் மனைவி கனாயேயின் கையெழுத்தும் இருந்தன. வலது பாதியில் இரண்டு சாட்சிகளுக்கான இடம் காலி.

"கல்யாண பாரத்துல சாட்சி போட்டது நீங்க ரெண்டு பேருதானடா. இதுக்கு வேற ஆளக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

எங்களுக்கு மரியாதை செய்கிறானாம்.

காரணம், தயிர் டப்பாவின் மூடி. அது எரிக்கிற குப்பையா பிளாஸ்டிக் குப்பையா என்பதில் தொடங்கியிருக்கிறது. பேச்சு முற்றி, "பாரம் வாங்கிட்டு வரட்டுமா" என்று இவன் கேட்க, "வாங்கிட்டு வாங்க" என்று அவள் சொல்ல, வாங்கி வந்துவிட்டான். இவன் எழுதினான். அவளும் எழுதினாள். இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் பின்வாங்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

நாளைக் காலை வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டுமாம்.

என் மனைவி என்னை விட்டுப் போன வருடம், மூன்று மாதம் எனக்கு இரவுச் சாப்பாடு அந்த வீட்டில்தான். கனாயே என் வீட்டுக் குப்பையையும் வாங்கி, கழுவி, பிரித்துப் போடுவாள். அந்த வீடு உடைவதற்கு நான் சாட்சி.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பலகையாக வைத்துக்கொண்டு, என் முகவரியை வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். என்னால் முடிந்த புரட்சி அவ்வளவுதான்.

எங்களில் மூன்றாமவன் மிசோபே அதையும் கெடுத்தான். அவன் வங்கிக்காரன், சுற்றுலாவுக்கும் முத்திரையும் மைப்பெட்டியுமாக வருகிறவன். "அடிச்சு எழுதி, பக்கத்துல பேரு போடு கிஷி. செல்லும்," என்று திருத்தவைத்தான். பிறகு அவனும் கையெழுத்துப் போட்டான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஒகுரா தாளை மடித்து மறுபடி பின்பாக்கெட்டில் செருகினான். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வங்கியில இப்படி வெச்சா வேலைய விட்டே தூக்கிருவாங்கடா. ஒரு பிளாஸ்டிக் உறை கெடைக்கலையா?" என்றான் மிசோபே.

"உறையிலதான் போட்டேன். இனிமே இந்த வீட்ல பிளாஸ்டிக் பேச்சே வேண்டாம், மடிச்சுப் பின்பாக்கெட்ல வெச்சுக்குங்கன்னு கனாயேதான் உருவிட்டா."

பிறகு அவன் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயிலைப் பார்த்து நின்றான். மான் அவன் முதுகுப்புறமாக வந்தது. அவசரமே படவில்லை.

இப்போது நான் தாளின் ஒரு முனையையும் மான் இன்னொரு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். இந்தத் தாள் ஒழியட்டும் என்று சற்று முன்புதான் வேண்டியிருந்தேன். ஆனால் நண்பன் பொருளை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் துரத்த வேண்டும் என்று கால்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் படம் எடுத்தார்கள். நான் அவர்களுக்குத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு நொடியில் மான் ஜெயித்தது.

என் கையில் வலது பாதி மிஞ்சியது.

கணவன் இல்லை. மனைவி இல்லை. சாட்சிகள் மட்டும், முத்திரையோடு.

மிசோபே வாங்கி நிதானமாகப் படித்தான். "சட்டப்படி பாத்தா, இப்ப நம்ம ரெண்டு பேருக்குத்தான் விவாகரத்து."

ஒகுரா சிரிக்கவில்லை. கனாயேவுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் கடலைப் பார்த்துக் குனிந்து குனிந்து சொன்னான். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"எல்லாத்தையுமா தின்னுச்சு?"

"நம்ம பக்கத்த மட்டும்."

மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"சரி. கடைசிக் கப்பல்ல ஏறாதீங்க, கூட்டமா இருக்கும். ராத்திரிக்கு மீனு வாங்கிருக்கேன்."

திரும்பும் கப்பலில் ஒகுரா இலை வடிவக் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அடுத்த வாரம் வேற பாரம் வாங்கணும்," என்றான். சொன்ன விதத்தில் தேதி எதுவும் இல்லை.

"கேக்கணும்னு நெனச்சேன். கையெழுத்து வாங்க ஹிரோஷிமாவுல ஒரு காபிக் கடை போதாதா? ஏன்டா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த?" என்றேன்.

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? கனாயேதான் இங்க போகச் சொன்னா. அவ சொந்த ஊராச்சே, போய்ட்டு வரட்டும்னு நெனச்சிருப்பா."

தீவு பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. படித்துறைப் பக்கம் மான்கள் யாருடைய பையையோ மோந்துகொண்டிருந்தன.

அவர்கள் கல்யாண விருந்தில் கனாயே சொன்ன கதை எனக்கு ஞாபகம் வந்தது. எழுதி முடித்த பிறகு கொடுக்கப் பிடிக்காமல் போன வீட்டுப்பாடத்தை, சின்ன வயதில், பைக்கு வெளியே பாதி நீட்டிச் செருகிக்கொண்டு கோயில் வழியாக மெதுவாக நடப்பாளாம். மான் தின்றுவிட்டது என்றால் வாத்தியார் ஒத்துக்கொள்கிற ஒரே பள்ளிக்கூடம் அவர்களுடையதுதானாம்.

மிசோபேயைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். ஒகுராவிடம் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அடுத்த பாரத்துக்கும் இங்கயே வருவோம்டா," என்றேன்.