சொல்லாத பாஸ்வேர்டு

"பாஸ்வேர்டை யார்கிட்ட சொன்னீங்க?"

"பக்கத்து சீட்டு அக்காகிட்ட சார்."

"போன்லயா?"

"ஆமா சார். பொண்ணு ஸ்கூல்ல விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில இருந்தேன். ஒரு பெரியவர் ரெண்டு மணி நேரமா என் கம்ப்யூட்டர்ல இருக்கிற பேப்பருக்காக நிக்கிறார்னு அக்கா கூப்பிட்டாங்க. அவரைத் திருப்பி அனுப்ப மனசு வரல."

கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரிக்கு இந்த மனசு கினசெல்லாம் பிடிக்காது. அந்த அலுவலகத்தின் பாஸ்வேர்டு விதிகளை எழுதியதே அவர்தான். எழுதிய நாளிலிருந்து யாராவது மாட்டமாட்டார்களா என்று காத்திருந்தார். ஆறு வருஷமாக ஒரு தப்பும் செய்யாத இந்தப் பதிவுப் பிரிவு கிளார்க் வந்து மாட்டினாள்.

"பெத்த தாய் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நாலு தடவை கிளாஸ் எடுத்தேன். எடுத்தேனா இல்லையா?"

"எடுத்தீங்க சார்."

"அப்புறம் என்ன? சஸ்பெண்ட் ஆர்டர் அடிச்சாச்சு. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி."

"வேலை போச்சுன்னா எங்க பாடு திண்டாட்டம் சார்."

அதிகாரி அனுப்புகிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

லேப்டாப் பட்டென்று அணைந்தது.

அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷமாகிறது. சுவரில் செருகினால் ஓடும், பிடுங்கினால் படுத்துவிடும். அதிகாரி குனிந்து பார்த்தார். வயர் செருகியபடியேதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தார். விளக்கு எரிந்தது, ஏசியும் ஓடியது. அப்படியானால் கரன்ட் போகவில்லை. அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஹேக்கர்," என்றார். பிறகு மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். "ஆர்டர் அனுப்புற நேரம் பார்த்து அணையுது. உங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலைதானே பண்றார்?"

"செல்போனுக்குக் கவர் விக்கிறார் சார்."

"எல்லாம் ஒண்ணுதான். நீங்க இங்கிருந்து ஒரு அடி நகரக்கூடாது."

சிஸ்டம் பிரிவுக்குப் போன் போட்டார். இதோ வருகிறோம் என்றார்கள்.

இரண்டே நிமிஷத்தில் கதவைத் தட்டிவிட்டு நீலச் சட்டைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

"சார், வந்து, இந்த..."

"வாங்க, வாங்க. கதை பேச நேரமில்ல. என் லேப்டாப்புக்குள்ள எவனோ புகுந்துட்டான்."

"அது இல்ல சார், நான்..."

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ஆன் ஆனதும் உள்ளே போய் ஒண்ணு விடாமப் பாருங்க. பாஸ்வேர்டு என் பேரு, ஒட்டினாப்பல ஒண்ணு ரெண்டு மூணு. எல்லாம் சின்ன எழுத்து. மறந்துடுவீங்க, எழுதிக்குங்க."

"பேப்பர் இல்லீங்க சார்."

"கையில எழுதுங்க."

பேனாவையும் அவரே நீட்டினார். வந்தவர் விழித்தார். ஆனாலும் அதிகாரி சொல்கிறாரே என்று இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"மெயிலுக்கும் அதேதான். சர்வருக்கும் அதேதான். நமக்கு எங்கே பத்து பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கப்போகுது?"

"சரிங்க சார்," என்று அவர் வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா? தொடாமலே சரி பண்ணிட்டார். அதுதான் வேலை தெரிஞ்ச ஆளு."

கிளார்க் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போதுதான் சிஸ்டம் பிரிவு மேடம் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "சாரி சார், லிஃப்ட் வேலை செய்யல. என்ன பிரச்சினை?"

"உங்க ஆளு வந்து சரி பண்ணிட்டாரே. நீலச் சட்டை போட்டவர்."

"எங்க ஆளா? எங்க பிரிவுல மூணு பேருமே லேடீஸ்தான் சார்."

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றும் சொல்லலாம்.

கதவு மறுபடி திறந்தது. அதே நீலச் சட்டை, கையில் ஒரு சீட்டு.

"சார், நான் எலக்ட்ரீஷியன். வெளியில ஒரு சுவிட்ச் மாத்த இந்தப் பக்கத்து பிளக் லைனை ஆஃப் பண்ணியிருந்தேன். சொல்லிட்டுப் பண்ணியிருக்கணும், தப்புதான். சொல்லலாம்னு வந்தா நீங்க பேச விடல. வேலை முடிஞ்சுது, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இவர்கிட்ட பாஸ்வேர்டு ஏதாவது சொன்னீங்களா? சொல்லியிருந்தா நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். நீங்க போட்ட ரூல்தான்."

அதிகாரி வாயைத் திறந்தார். எலக்ட்ரீஷியன் இடது கையை மெல்லப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சார் ஒண்ணும் சொல்லலீங்க மேடம்," என்றாள் கிளார்க். "நான் அப்போலேர்ந்து இங்கயேதான் நிக்கிறேன்."

மேடம் போனார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு எலக்ட்ரீஷியனும் போனார். அறையில் இருவர்தான் மிச்சம். அதிகாரிக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை ஆன் செய்து பாஸ்வேர்டைத் தட்டினார். அடித்து வைத்த ஆர்டர் அப்படியே திரையில் வந்து நின்றது.

அவள் அதே பழைய குரலில் சொன்னாள்:

"கரன்ட்தான் வந்துடுச்சே சார். ஆர்டரை அனுப்பிட்டீங்கன்னா நான் கிளம்புவேன். ஆஸ்பத்திரியில பொண்ணு காத்துட்டிருப்பா."