ஒரு மணி மாத்திரை

சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்கள் அத்தனையையும் தரையில் இறக்கிவிட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். கடைசியில் மனைவியின் கைப்பையையும் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு பிஸ்கட் துணுக்குகூட அகப்படவில்லை.

"என்னத்தைத் தேடறீங்க?" நிலைப்படியில் நின்று கையைச் சொறிந்துகொண்டே கேட்டாள் மனைவி.

"நீ ஒளிச்சு வச்சுத் திங்கறதை."

"ஆமா, நான் சின்னக் குழந்தை பாருங்க" என்றவள், டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே அடுக்கத் தொடங்கினாள். கையெல்லாம் நகக்கீறல்.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் ஓடுகிறது அவள் காலம். ரத்தத்தில் பாஸ்பரஸ் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. அரிப்பு அதனால்தான். இப்படியே விட்டால் ரத்தக்குழாய்கள் இறுகி இதயத்தில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் குறைக்க டாக்டர் கொடுத்த மாத்திரை விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ரயிலைத் தாமதமாக அனுப்பியிருக்கிறார். மாத்திரையை ஒரு நாளும் தாமதமாகக் கொடுத்ததில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். தட்டில் சோறு விழுந்ததும் மாத்திரையை உரித்து நீட்டுவார்.

கரண்டியைக் கீழே வைக்காமலே இடது கையால் வாங்கி விழுங்குவாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றரைக்கு மறுபடி ஸ்டேஷனுக்குக் கிளம்புவார். இரவிலும் இதே கூத்துதான்.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாஸ்பரஸ் எட்டரை. போன மாசத்தைவிட அதிகம். மாத்திரை ஒழுங்காப் போடறாங்களா?"

"என் கையால குடுக்கறேன் டாக்டர். ஒரு வேளைகூடத் தப்பல. பால், தயிர்னு நீங்க சொன்னதெல்லாம் நிறுத்தியாச்சு. இதுக்கு மேல நான் என்னதான் பண்றது?" பிளாட்பாரத்தையே அதட்டி அடக்குகிற மனிதர், மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பாட்டோடதானே குடுக்கறீங்க? சோறும் மாத்திரையும் வயித்துல ஒண்ணாச் சேரணும். அப்பத்தான் பாஸ்பரஸைப் பிடிச்சு வெளியே தள்ளும். வெறும் வயித்துல போட்டா மாத்திரை வீண்."

"சரியா ஒரு மணிக்கு, சாப்பாட்டோடதான் டாக்டர்" என்றார் அழாத குறையாக.

டாக்டர் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? ஒரு மணிக்குத்தான் சாப்பிடறீங்களா?"

அவள் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரு மணிக்கு அவரு சாப்பிடுவாரு டாக்டர். அப்புறம் பசங்க வந்து சாப்பிட்டுப் போய், நான் உக்கார மூணரை ஆயிடும்."