வாய் இல்லாத படம்

ஓவிய சிகிச்சை அறைக்குள் நான் நுழைந்ததும் ரிடையர்டு டீச்சரம்மா சுவரில் மாட்டியிருந்த விதிமுறைகளைக் காட்டினார்.

"பத்து நிமிஷம் லேட். மூணாவது விதி என்ன சொல்லுது? லேட்டா வந்தா நேரம் நீட்டிக்க மாட்டாங்க."

"பஸ் கிடைக்கல மேடம்."

நாற்பது வயதாகியும் எனக்கு வேறு பொய் வருவதில்லை.

தாளையும் கலர் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "மனசுல இருக்கறத வரைங்க."

கண், மூக்கு, காது, தொப்பை எல்லாம் வரைந்தேன்.

"நீங்கதானே இது? வாய் எங்க?"

"கேக்க வேண்டியதைக் கேக்க எனக்கு வாயே வராது மேடம். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்னு சம்சாரம் தினமும் இடிச்சுக் காட்டறா."

"யார்கிட்ட கேக்கணும்? தைரியமா சொல்லுங்க. இங்க பேசறது வெளிய போகாது. அஞ்சாவது விதி."

காதெல்லாம் சூடாகிவிட்டது.

"உங்ககிட்டதான். மூணு மாசமா எனக்கு நீங்க பீஸே தரல."

டீச்சரம்மா சிரித்தபடி கைப்பையைத் திறந்து பணத்தை நீட்டினார். அந்த விதிகளையெல்லாம் எழுதி மாட்டிய சிகிச்சையாளனான நான், பவ்யமாக வாங்கி எண்ணினேன். இன்றைய பீஸ் மட்டும் இல்லை.

வாய்தான் வந்துவிட்டதே, கேட்டே விட்டேன்.

"இன்னிக்கா?" என்றார் எழுந்தபடி. "இன்னிக்கு வைத்தியம் பாத்தது நான்தானே?"